பல்பைப் பாடுகிறவர்களும் பீங்கானை மறந்தவர்களும்

குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தைப் பற்றி எழுதுவதற்கென்று தமிழில் ஒரு வாய்ப்பாடு உருவாகிவிட்டது. முதல் பத்தியில் பாட்டி வீட்டுச் சமையலறை. இரண்டாம் பத்தியில் நாற்பது வாட் பல்பைச் சுற்றி மொய்க்கும் ஈசல். மூன்றாம் பத்தியில் திருவிழாப் பந்தலில் விட்டு விட்டு எரிந்த சீரியல் செட். அதற்குப் பிறகு எல்.இ.டி. விளக்கின் மீது ஒரு சாபம்: உயிரற்ற வெண்மை, ஆஸ்பத்திரி வெளிச்சம், இத்யாதி. கடைசியில் எதையோ இழந்துவிட்டோம் என்கிற பெருமூச்சு. எது இழக்கப்பட்டது, யார் இழந்தார்கள் என்பதை மட்டும் கட்டுரை சொல்லாது. சிற்றிதழ்களிலும் இடைநிலை இதழ்களிலும் இந்த வாய்ப்பாட்டில் எழுதப்பட்டவற்றைப் போதுமான அளவுக்கு வாசித்தாயிற்று. பழையதை நினைத்து ஏங்குவது இலக்கியத்துக்கு ஆகாத காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் நவீன இலக்கியத்தில் பாதியைக் கழித்துக்கட்ட நேரும். என் புகார் வேறு. இக்கட்டுரைகள் தாம் நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பொருளைக்கூட ஒருமுறை ஒழுங்காக உற்றுப் பார்த்ததில்லை.

உற்றுப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் அந்நிய உதாரணம் சொல்கிறேன். பின்பால் என்னும் விளையாட்டு இயந்திரத்தை நம்மில் பெரும்பாலோர் ஹாலிவுட் படங்களில்தான் கண்டிருப்போம். சாய்ந்த மேஜை, மேலே கண்ணாடி மூடி, உள்ளே உருண்டோடும் எஃகுக் குண்டு, அது மோதும் இடமெல்லாம் பளிச்சிட்டு அணையும் சின்னஞ்சிறு பல்புகள். ஆணி அடித்த பலகையில் பால்ரஸ் குண்டை உருட்டி நம் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்கு மின்சாரம் கொடுத்தால் கிடைப்பது அதுதான். நியூயார்க் நகரம் 1942இல் அதைச் சூதாட்டம் என்று சொல்லித் தடை செய்தது. 1976இல்தான் தடையை விலக்கிக்கொண்டது. இன்று அந்தப் பழைய இயந்திரங்களைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குள் தீராத ஒரு சண்டையும் இருக்கிறது: பழைய இழை பல்புகளை வைத்திருப்பதா, எல்.இ.டி.க்கு மாற்றுவதா?

நம் ஆட்கள் போட்டிருந்தால் இந்தச் சண்டை 'ஆன்மா', 'உயிர்ப்பு' என்ற இரண்டு சொற்களோடு முடிந்திருக்கும். அவர்களோ எண்களோடு சண்டை போடுகிறார்கள். 44 என்று எண்ணிட்ட பல்பு 6.3 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கும். 47 என்பது 0.15 ஆம்பியர்தான் இழுக்கும், ஆகவே சூடு குறைவு, இயந்திரத்தின் முகப்புக் கண்ணாடியில் தீட்டிய ஓவியம் உரிந்து போகாது. 455 என்று இன்னொரு பல்பு உண்டு. அது தானாகவே மினுக்கும். அதற்குள் ஓர் ஈருலோகத் தகடு இருக்கிறது: சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. மின்சாரம் பாய்ந்து சூடேறியதும் பட்டை வளைந்து தொடர்பை அறுக்கும், விளக்கு அணையும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி தொடும், விளக்கு எரியும். மினுக்கச் சொல்லிக் கட்டளையிட வெளியே ஒன்றுமில்லை. பல்பு தன் சூட்டால் தன்னையே அணைத்துக்கொள்கிறது.

எழுபதுகளின் கடைசியில் பின்பாலுக்குள் சில்லுகள் வந்தபோது பல்புகளை எட்டு நிரை, எட்டு நிரல் என்று கட்டினார்கள். அறுபத்து நான்கு பல்புகள், பதினாறே கட்டுப்பாட்டுத் தடங்கள். ஒவ்வொரு பல்புக்கும் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் மின்சாரம் கிடைக்கும். மிச்ச நேரம் அது பட்டினி. ஆனால் டங்ஸ்டன் இழை சட்டென்று ஆறாது. அந்த இடைவெளியை அது தன் பழஞ்சூட்டில் கடந்துவிடும், நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதாகத் தோன்றும். அதே இடத்தில் எல்.இ.டி.யைச் சொருகினால் குட்டு வெளிப்படும். அதற்குப் பழஞ்சூடு கிடையாது. மின்சாரம் நின்ற கணத்தில் அணைந்துவிடும். விளக்குகள் துடிக்கும், எரியக்கூடாதவை பேய்போல் மங்கலாக எரியும். இதைச் சரிக்கட்டத் தனி மின்னணு அட்டைகள் செய்து விற்கிறார்கள். எல்.இ.டி.க்கு இழையின் சோம்பலைக் கற்றுக்கொடுக்கும் அட்டைகள்! பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அவர்களுடைய ஏக்கத்துக்கு வோல்ட் உண்டு, காரணம் உண்டு. இழை வெளிச்சம் ஏன் இதமாக இருக்கிறது என்று கேட்டால், அது எழவும் விழவும் நொடியில் ஒரு சிறு பங்கு எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். நாம் அதற்கு நான்கு பக்கம் எழுதியும் சொல்ல மாட்டோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பின்பால் நம்மிடம் இல்லாவிட்டாலும் மினுக்கும் விளக்கு நம்மிடம் ஏராளமாக இருந்தது. கோயில் திருவிழாவில் மூங்கில் சட்டத்தில் பல்புகளைக் கட்டி மயிலும் வேலும் விரிந்த தாமரையும் செய்து நிறுத்துவார்களே, அதன் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அங்கே ஒரு மர உருளை சுழன்றுகொண்டிருக்கும். அதன் மேல் தாமிரத் தகட்டுத் துண்டுகள் ஒரு கணக்கோடு ஒட்டப்பட்டிருக்கும். சிறிய மோட்டார் ஒன்று உருளையைச் சுற்ற, வரிசையாக நிற்கும் உலோக நாக்குகள் தகட்டின் மேலும் கட்டையின் மேலும் மாறி மாறி உரசும். தகட்டைத் தொட்டால் விளக்கு எரியும், கட்டையைத் தொட்டால் அணையும். மயில் தோகை விரிப்பது அந்தத் தகடுகள் வெட்டப்பட்ட விதத்தில் இருந்தது. பழைய பின்பால் இயந்திரத்தின் வயிற்றிலும் இதே சங்கதிதான்: ஒரு மோட்டார், அதன் அச்சில் பல் வெட்டிய தட்டுகள், தட்டு தள்ளியதும் சேரும் தகட்டுச் சுவிட்சுகள். சிகாகோ தொழிற்சாலைப் பொறியாளரும் நம் பந்தல் லைட் போடுகிறவரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். சீரியல் செட்டிலோ மோட்டார்கூட வேண்டியதில்லை. 230 வோல்ட்டை ஆறு ஆறாகப் பங்கிட்டால் முப்பத்தெட்டுப் பல்பு. அவற்றில் ஒன்றாக ஈருலோகப் பட்டை வைத்த பல்பைச் சொருகிவிட்டால் போதும், அது கண்மூடும்போதெல்லாம் மொத்தச் சரமும் கண்மூடும். அந்த முப்பத்தெட்டில் ஒன்று போனாலும் சரம் முழுக்க இருட்டு. போனது எது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். மஞ்சள் ஒளிக் கட்டுரைகளில் அந்த ஆளைக் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை.

இப்போது நான் கேட்க விரும்பும் கேள்விக்கு வருகிறேன். இந்த வெளிச்சமெல்லாம் எதன் மேல் நின்றது? பல்பைத் தாங்கிய ஹோல்டர், அதற்கு மின்சாரம் வரும் வழியில் வீட்டு முகப்பிலே காவல் நின்ற பீஸ் கட்டை, கம்பத்தில் கம்பியைப் பிடித்திருந்த வெள்ளைக் குமிழ், இவையெல்லாம் எதனால் ஆனவை? பீங்கானால். தமிழ்நாட்டில் அந்தப் பீங்கானைச் செய்த ஊர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் விருத்தாசலம்.

இலக்கிய வாசகர்களுக்கு விருத்தாசலம் என்றதும் ஓர் ஊர் நினைவுக்கு வருவதில்லை, ஓர் ஆள்தான் நினைவுக்கு வருகிறார். சொ. விருத்தாசலம், 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், புதுமைப்பித்தன். பெயரில் ஊரைச் சுமந்த அந்த மனிதர்தான் 1930களில் 'தெரு விளக்கு' என்று ஒரு சின்னக் கதையும் எழுதினார் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். மஞ்சள் ஒளிக் கட்டுரையாளர்கள் தங்களுக்கு மூதாதையாக இந்தக் கதையைக் கொள்வது வழக்கம். பழைய விளக்கு போனது, புதிய மின்விளக்கு வந்தது, ஆகவே பெருமூச்சு. கதையை அவர்கள் இன்னொரு முறை வாசிப்பது நல்லது. அந்த விளக்கின் கீழ் ஒரு கிழவன் இருக்கிறான். விளக்கு போனதும் அவன் சாகிறான். புது விளக்கின் கீழ் விளையாடும் குழந்தைகளுக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதுமைப்பித்தன் ஒளியின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டவரல்லர். விளக்கோடு சேர்த்து அப்புறப்படுத்தப்பட்ட மனிதனைத்தான் அவர் பார்த்தார். நாம் கிழவனைக் கழித்துவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டோம்.

விருத்தாசலத்துக்குப் பழம்பெயர் திருமுதுகுன்றம். பழமலைநாதர் சுந்தரருக்கு இங்கே பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார் என்றும், அதை அவர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்றும் கதை. 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்ற வழக்குக்கு இதைத்தான் மூலம் என்பார்கள். சுந்தரருக்குக் கிடைத்தது. நமக்குக் கிடைக்காது, ஏனென்றால் எந்த ஆற்றில் போட்டோம் என்பதே நமக்குத் தெரியாது.

பீஸ் கட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். நம் காலத்துக் குழந்தைகளுக்கு அது தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளைப் பீங்கானில் இரண்டு துண்டுகள். ஒன்று பலகையில் நிரந்தரமாகத் திருகப்பட்டிருக்கும்; மற்றது கையால் பிடுங்கிச் சொருகக்கூடியது. பிடுங்கும் துண்டில் இரண்டு பித்தளைக் கால்கள், நடுவே ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கம்பி உருகித் தன்னை அழித்துக்கொண்டு வீட்டைக் காக்கும். உருகும் கணத்தில் உள்ளே ஒரு சிறு மின்பொறி வெடிக்கும். மரமோ பேக்லைட்டோ அந்தப் பொறியில் கருகினால், கருகிய தடமே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். பீங்கான் கருகாது. அது ஏற்கெனவே 1,250 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து வந்தது. இந்தச் சின்னத் தீ அதற்குப் பொருட்டல்ல. நூறு ஆண்டுகளாக உலகம் பீங்கானைப் பிடித்துத் தொங்கியதற்கு இதுதான் காரணம், அதன் அழகு அல்ல.

தமிழில் அந்தக் கட்டை எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். பணம் கட்டாத வீட்டுக்கு மின்வாரியத்தார் வந்து செய்யும் காரியத்துக்கு 'பீஸைப் பிடுங்குவது' என்று பெயர். அதிகாரம் பறிபோன அரசியல்வாதிக்கும் பீஸ் பிடுங்கப்படுகிறது. ஓய்ந்துபோன மனிதன் பீஸ் போன பல்பு. மேடையில் அசடு வழிந்தவன் பல்பு வாங்கியவன். கலைச்சொல்லாக்கக் குழுவினர் 'மின்னுருகி' என்று அழகான சொல்லைச் செய்து கொடுத்தார்கள். அது பாடப்புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து நடந்து வந்ததுதான். பொருள் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, சொல் வாயில் தங்கிவிட்டது. இப்படிப்பட்ட சொற்களுக்குப் பின்னால் ஓர் ஊரின் உழைப்பு கிடக்கிறது என்று எந்த அகராதியும் சொல்வதில்லை.

அந்தக் கட்டையின் இடத்தைப் பிடித்தது எம்.சி.பி. என்னும் பிளாஸ்டிக் பெட்டிச் சுவிட்சு. அளவு மீறினால் தானே விழும், தட்டிவிட்டால் மறுபடி நிற்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? மிகுசுமையைக் கண்டுபிடிக்க ஓர் ஈருலோகப் பட்டை! பந்தலில் சீரியல் செட்டைக் கண்சிமிட்ட வைத்த அதே பட்டை, பின்பாலின் 455ஐ மினுக்க வைத்த அதே பட்டை. சூட்டில் வளையும் அந்தத் துண்டு உலோகம்தான் ஒரு வேடத்தில் நம் திருவிழாவை மினுக்கியது, மற்றொரு வேடத்தில் விருத்தாசலத்தின் கட்டையை வீட்டுச் சுவரிலிருந்து இறக்கியது. மினுக்கத்தைப் பாடுகிறவர்கள் இந்த இரட்டை வேடத்தைக் கண்டிருந்தால் அவர்களுடைய கட்டுரை வேறாக இருந்திருக்கும். குறைந்தபட்சம், 'இயந்திரம் வந்தது, உயிர் போனது' என்று எழுத அவர்களுக்குக் கை வந்திருக்காது. மினுக்கியதும் இயந்திரம்தான் ஐயா.

இன்னொரு பொய்யையும் இங்கே தட்டிக்கேட்க வேண்டும். விருத்தாசலத்தைப் பற்றி எப்போதாவது பத்திரிகையில் வந்தால் அது 'பாரம்பரியக் கைவினை' என்ற தலைப்பில் வருகிறது. கொலு பொம்மை, கார்த்திகை அகல், வண்ணம் தீட்டும் பெண்களின் படம். மண்பாண்டம் பாரம்பரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் பாரம்பரியம் அல்ல. அது நவீனத் தொழில், விடுதலைக்குப் பிந்தைய தொழில்மயக் கனவின் குழந்தை. பக்கத்து நெய்வேலியில் 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அந்த நிலக்கரிக்கு மேலே கிடந்த அடுக்குகளில் வெண்களிமண்ணும் இருந்தது. அதைக் கழுவிப் பிரிக்கும் ஆலையையும் அந்த நிறுவனம் ஒரு காலத்தில் நடத்தியது. விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ தரும் ஓர் அரசுப் பயிலகம், டான்செம்மின் கீழ்க் கழிவுநீர்க் குழாய் செய்த ஆலை என்று எல்லாமே கோப்பிலும் வரைபடத்திலும் பிறந்தவை. களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய மூன்றையும் அளந்து கலந்து, உருளை ஆலையில் அரைத்து, ஈரம் குறைந்த பொடியை எஃகு அச்சில் கொட்டித் திருகு பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பார்கள். சூளையில் வெந்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே சுருங்கப்போவதை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ செய்த பித்தளைக் கால் இங்கே செய்த குழியில் உட்காராது. இது பாட்டி சொல்லிக் கொடுத்த வித்தை அன்று. அளவுகோலும் வெப்பமானியும் கொண்டு பயின்ற வித்தை. அதை 'பாரம்பரியம்' என்று அழைப்பது புகழ்ச்சி போலத் தோன்றினாலும் உண்மையில் அந்தத் தொழிலாளியின் நவீனத்தைப் பறிப்பதுதான். கிராமத்துக் கைவினைஞர் என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடலாம். தொழிற்சாலைத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் கூலியைப் பற்றியும் நுரையீரலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

நுரையீரல் என்றதும் நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதன் நுண்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் போகாது. பீங்கான் வேலை நடக்கும் உலகின் எந்த ஊருக்கும் இந்த நோய் அந்நியமல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை அறிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்தது. அந்த வெண்மைக்கு ஒரு விலை இருந்தது. 'ஆஸ்பத்திரி வெளிச்சம்' என்று எல்.இ.டி.யைத் திட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் யார் என்று கேட்டதுண்டா?

இரண்டு ஆட்சேபணைகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று, பீஸ் கட்டைக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது. இதை விருத்தாசலத்தை வைத்துக் கேட்பதுதான் பெரிய நகைச்சுவை, ஏனென்றால் பதில் அந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. த. பழமலய் 1988இல் 'சனங்களின் கதை'யைக் கொண்டுவந்தபோது இதெல்லாம் கவிதையா என்று கேட்டவர்கள் உண்டு. 'கோவேறு கழுதைகள்' எழுதிய இமையம் அந்த ஊரில்தான் வாழ்கிறார். பக்கத்து மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைத் தனியொரு ஆளாகத் தொகுத்தார்; போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர் அந்தப் பணிமனையையே 'நெடுஞ்சாலை' என்ற நாவலாக்கினார். கிரீஸ் படிந்த கைகளும் ஸ்பேனரும் தற்காலிகப் பணியாளர்களின் தவிப்பும் நாவலாகும் என்றால், அச்சும் பிரஸ்ஸும் சூளைக்காரரின் கண்மட்டமும் ஆகாதா? தஞ்சைக் காவிரியும் நெல்லைத் தாமிரபரணியும் போதும் போதும் என்ற அளவுக்குப் பாயும் நம் உரைநடையில், பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஒரு 'நெடுஞ்சாலை' வேண்டும் என்று கேட்பது அப்படி என்ன அதிகப்படி?

இரண்டாவது ஆட்சேபணை பொறியாளர் நண்பர்களிடமிருந்து வரும். எல்.இ.டி. வந்தது நல்லதுதானே, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். அழவில்லையே! அறுபது வாட் பல்பு தந்த வெளிச்சத்தை ஒன்பது வாட்டில் தரும் விளக்கை எதிர்ப்பவன் ஒன்று பணக்காரனாக இருக்க வேண்டும் அல்லது கவிஞனாக இருக்க வேண்டும். இழை பல்பு தின்ற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாக்கியதில்லை, மிச்சமெல்லாம் சூடு. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தது சரியான காரியம். 2015 ஜனவரியில் இந்தியாவில் தொடங்கிய உஜாலா திட்டம் முப்பத்தாறு கோடிக்கும் மேற்பட்ட பல்புகளை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா?

மேலும், அந்த மஞ்சள் ஒளி எல்லோருக்கும் ஒரே ஒளியாக இருந்ததுமில்லை. குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டத்தில் இணைப்புப் பெற்ற வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு பல்பு, நாற்பது வாட். சமையலும் படிப்பும் பிரசவமும் சாவும் அந்த ஒன்றின் கீழ்தான். அந்தக் குடும்பத்துப் பிள்ளை வளர்ந்து நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருக்கும். மஞ்சள் வெளிச்சத்தை அழகென்று சொல்ல, வீட்டில் இரண்டாவது பல்பும் இருந்திருக்க வேண்டும். பாட்டி வீட்டுச் சமையலறையில் இருந்தது போலும்.

ஆகவே மாற்றத்தை நிறுத்து என்பது என் வாதமல்ல. மாற்றத்தின் கணக்கை முழுதாக எழுது என்பதே. ஒரு பக்கம் மிச்சமான மின்சாரம் எழுதப்பட்டிருக்கிறது, அரசு அதை அலகு அலகாக எழுதி வைத்திருக்கிறது. மறுபக்கத்தில் எழுத்தாளன் எழுதவேண்டிய இடத்தில் 'உயிரற்ற வெண்மை' என்று ஒரு கிறுக்கல் இருக்கிறது. கட்டைக்குத் தேவை குறைந்தபோது பிரஸ் போட்டவர் என்ன செய்தார்? சுருக்கக் கணக்குத் தெரிந்த அச்சு வெட்டுபவர் எங்கே போனார்? பிசிறு சீவிய பெண்கள் எந்த வேலைக்கு மாறினார்கள்? இவற்றை எழுதி வைக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நாம்தான்; அந்தத் தலைமுறையில் இன்னும் பேசக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதியாக வேண்டும். பின்பால் இயந்திரத்தின் ஒரு பல்புக்கு அமெரிக்கச் சேகரிப்பாளன் வைத்திருக்கும் தகவலில் பத்தில் ஒரு பங்காவது, மாசிமகத்துக்குப் பழமலைநாதர் கோயில் வீதியில் எரிந்த பல்பின் அடியிலிருந்த பீங்கானைப் பற்றி நம்மிடம் இருக்க வேண்டாமா?

இதற்கிடையே தொழிற்பேட்டையின் சூளைகளில் கார்த்திகைக்கு அகல் வேகிறது. மின்சாரத்துக்குக் கட்டை செய்த மண், எண்ணெய் விளக்காக மாறி, எல்.இ.டி.யின் வெண்மையில் சலித்தவர்களின் வாசற்படிக்கு வருகிறது. மஞ்சள் ஒளிக் கட்டுரையாளர்களும் அதை வாங்கி ஏற்றுவார்கள், ஏற்றட்டும். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் அகலை ஒருமுறை கவிழ்த்துப் பார்க்கட்டும். உள்ளும் புறமும் வழுவழுவென்று மெருகிருக்கும், அடியில் மட்டும் இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். அங்கும் மெருகு இருந்தால் சூளைத் தட்டோடு உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் வேகவைப்பதற்கு முன் ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து எடுப்பார்கள். பழைய பீஸ் கட்டை வீட்டில் எங்காவது கிடந்தால் அதன் அடியையும் தடவிப் பார்க்கலாம். அதே சொரசொரப்புதான்.